தைரியநாதரும் தரங்கம்பாடி ஏடும்

கொருக்குப்பேட்டையிலிருந்து கடலை நோக்கிச் சென்றால் இராயபுரம். துறைமுகம் என ஒன்று அமைவதற்கு முன்பு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைமேல் படகு செலுத்திப் பிழைத்த மக்கள் தம் உழைப்பின் ஊதியத்தில் எழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் அங்கே இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தவரே அந்த இராயப்பர்தாம் என்று சொல்வாரும் உண்டு. அதே புனிதரைச் சீர்திருத்தச் சபையார் பேதுரு என்பர். கத்தோலிக்கரின் சூசையப்பர் அவர்களுக்கு யோசேப்பு, அருளப்பர், யோவான். கலிலேயக் கடலில் வலை வீசிய ஒரே மீனவருக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வாய்த்ததற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. விண்ணரசின் திறவுகோல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை இரு சாராரும் ஒரே ஏட்டில்தான் படிக்கிறார்கள். அவருக்குப்பின் உரோமையில் அமர்ந்தோர்க்கும் அந்த அதிகாரம் வழிவழியாகச் சேரும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. பேதுருவின் விசுவாசத்தைச் சுட்டியதே அச்சொல், மறைநூலுக்கு மேலான அதிகாரம் எந்த மனிதருக்கும் இல்லை என்பது சீர்திருத்தச் சபையார் கொள்கை.

ஐரோப்பாவில் 1517இல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த இந்த வழக்கு, இருநூறு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டில், தமிழ் உரைநடையிலேயே நடைபெற்றது. இங்கே கத்தோலிக்கர் பக்கம் நின்று வாதாடியவர் நமக்கு அயலார் அல்லர். தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்த வீரமாமுனிவரே அவர். கடந்த பத்தாண்டுகளில் நம் வட்டத்துக் கூட்டங்களில் அவருடைய கவிநலம் பற்றிப் பேசியோர் பலர். அவருடைய வாதநூல்களைத் தொட்டவர் எவரும் என் நினைவில் இல்லை. சமயச் சண்டை எதற்கு என்னும் நல்லெண்ணம் காரணமாயிருக்கலாம். ஆயினும் அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டு அவர் வாழ்வைச் சொன்னால், அவர் ஏன் எழுதினார் என்பது விளங்காமலே போய்விடுகிறது.

கொஸ்தான்சோ சூசேப்பே பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில், மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். சூசேப்பே என்பது சூசை என்பதன் இத்தாலிய வடிவம். தம் பெயருக்குரிய புனிதரையே பின்னாளில் காப்பியத் தலைவராக்கினார் என்பது நினைவில் இருக்கட்டும். 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்து, மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். அப்போது வயது முப்பது. கொஸ்தான்சோ என்னும் பெயர் தமிழில் தைரியநாதர் ஆயிற்று. பெயருக்கு ஏற்பச் சோதனையும் விரைவில் வந்தது: நெல்லைச் சீமையின் குருக்கள்பட்டியில் பணியாற்றியபோது சிறைப்பட்டு உயிராபத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். தமிழை அவர் கற்றது சுப்பிரதீபக் கவிராயரிடம் என்பது வழக்கு. எவரிடம் கற்றாரோ, வந்த பதினைந்தாண்டுக்குள் காப்பியம் பாடும் அளவுக்குக் கற்றார்.

அவர் வந்து சேர்ந்த கத்தோலிக்கத் தமிழுலகின் நிலையை இங்கே சொல்லவேண்டும். தமிழை முதன்முதல் அச்சேற்றிய பெருமை கத்தோலிக்கருக்கே உரியது. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. புனிதர்களின் வாழ்வைச் சொல்லும் அடியார் வரலாறு 1586இல் வந்தது. அடுத்த நூற்றாண்டில் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி உரைநடையில் பல ஞான நூல்கள் எழுதினார். செபமும் ஞானோபதேசமும் புனிதர் கதையும் இவ்வாறு தமிழில் மலிந்திருக்க, விவிலியம் மட்டும் முழுமையாக மொழிபெயர்க்கப்படவில்லை. இதைச் சோம்பல் என்று கொள்வது தவறு. 1546இல் திரெந்து நகரில் கூடிய சங்கம், எழுதப்பட்ட ஏட்டையும் திருத்தூதர் வழிவந்த எழுதா மரபையும் ஒரே பத்தியோடு ஏற்கவேண்டும் என்றும், மறைநூலுக்குப் பொருள் காணும் உரிமை திருச்சபையுடையது என்றும் வரையறுத்தது. பெஸ்கி இந்தியா வந்த மூன்றாம் ஆண்டில், 1713இல், மறைநூல் வாசிப்பு எல்லார்க்கும் உரியது என்று பிரெஞ்சு நாட்டில் ஒருவர் எழுதிய கூற்றுகளைத் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெந்து கண்டித்து ஆணையிட்டார். அத்தகைய திருச்சபையின் ஊழியராகத்தான் அவர் காவிரிக்கரையில் நின்றார். ஏடு குருவிடம் இருக்கும். குருவிடமிருந்து வேதியர் எனப்படும் உபதேசியார் கற்பர். வேதியர் வாய்மொழியாக மக்கள் அறிவர்.

தமிழ்ச் சொல்லொன்று இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டும். பழைய கத்தோலிக்கத் தமிழில் வேதம் என்றால் சமயம்; ஒருவன் வேதத்தில் சேர்ந்தான் என்றால் திருமுழுக்குப் பெற்றான் என்பது பொருள். சீர்திருத்தச் சபையார் தமிழில் வேதம் என்றால் புத்தகம். கையில் எடுத்துப் படிக்கக்கூடியது. ஒருவருக்குச் சேர்ந்து வாழும் வழியாக இருந்தது, மற்றவருக்கு வாசிக்கும் பொருளாயிற்று.

அந்தப் புத்தகம் தரங்கம்பாடியில் பிறந்தது. தென்மார்க்கு மன்னர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 சூலை 9ஆம் நாள் அங்கே கரையிறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து எழுத்துக் கற்ற அவர், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாடு பாதியில் நின்றது. அதனைப் பெஞ்சமின் சுல்ச் 1728இல் நிறைவு செய்தார். சென்னையில் அதே ஆண்டில் மிஷன் பணியைத் தொடங்கியவரும் இந்தச் சுல்ச்தான்.

தரங்கம்பாடி ஏடு யார் கைக்குப் போயிற்று என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. தஞ்சை மன்னரின் படையில் இராசநாயக்கன் என்றொரு வீரர் இருந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சிட்ட நற்செய்தி நூல் எவ்வழியிலோ அவர் கைக்கு எட்டியது. குருவும் இல்லாமல் வேதியரும் இல்லாமல் அவரே படித்தார். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடியாரை நாடி அவர்கள் சபையில் சேர்ந்தார். பின்பு உபதேசியாராகவும் ஆனார். அதன் பொருட்டு அவரும் அவர் குடும்பத்தாரும் பழைய சபையைச் சேர்ந்தோரால் அடைந்த துன்பங்கள் கொடியவை. ஒரு தனிமனிதர் ஒரு புத்தகத்தைப் படித்ததனால் தஞ்சைக் கத்தோலிக்கச் சபையே கலங்கியது என்றால், அச்சிட்ட உரைநடை அந்நாளில் எத்துணைப் பெரிய ஆற்றலாக வந்திறங்கியது என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தைரியநாதர் அப்போது ஏலாக்குறிச்சியில் இருந்தார். திருக்காவலூர் என்று அவர் பெயரிட்ட அவ்வூர்தான் அவர் பணிக்கும் புலமைக்கும் தலைநகர். அங்கிருந்தபடி அவர் எழுதியவற்றின் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு போர்க்களமே தெரியும். 1726இல் தேம்பாவணி. 1727இல் வேதியர் ஒழுக்கம்: மக்களுக்கும் ஏட்டுக்கும் இடையே நிற்கும் உபதேசியார் எப்படி வாழவேண்டும் என்பதை உணர்த்தும் நூல். 1728இல் வேதவிளக்கம்: தரங்கம்பாடியாருக்கு நேரான மறுப்பு. அவர்கள் திருச்சபைப் பேதகம் என்று ஒரு நூல் வெளியிடப் பேதகமறுத்தல் என்று இவர் விடை எழுதினார். லூத்தரினத்தியல்பு என்பதும் இவ்வரிசையில் சேரும்.

இந்நூல்களின் வாதத்தை என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன். ஏடு தானாக வானிலிருந்து விழவில்லை. நற்செய்தி எழுதப்படும் முன்பே திருச்சபை இருந்தது. எது மறைநூல், எது அன்று என்று தெரிந்து தொகுத்ததும் திருச்சபையே. அதன் சாட்சியத்தைத் தள்ளிவிட்டு ஏட்டை மட்டும் எப்படிக் கொள்வது? ஏட்டுக்கு அவரவரே பொருள் காணலாம் என்றால் ஆளுக்கொரு பொருளும் பொருளுக்கொரு சபையும் தோன்றும். ஐரோப்பாவில் அப்படித்தான் லூத்தர் சபையும் கல்வின் சபையும் தமக்குள் பிரிந்து நிற்கின்றன. இதற்கு எதிர்த்தரப்பின் விடையும் எளியதன்று. திருச்சபை ஏட்டுக்குச் சாட்சியே ஒழியத் தலைவி அன்று; சாட்சி பிறழ்ந்தால் ஏட்டைக் கொண்டுதான் திருத்தவேண்டும்; அடைத்துவைத்த ஏட்டால் எவரையும் திருத்த முடியாது என்றனர்.

மாணவர் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடலாம். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். சீர்திருத்தச் சபையாருடையதில் 66. வேறுபாடு முழுவதும் பழைய ஏற்பாட்டில். எபிரேயப் பட்டியலில் இடம்பெறாமல் கிரேக்கத் தொகுப்பில் இருந்த தோபியாசு, மக்கபேயர் முதலியவற்றை லூத்தர் 1534இல் தம் செர்மானிய மொழிபெயர்ப்பில் தனியே பிரித்து வைத்தார். திரெந்து சங்கம் அவற்றை முழுத் தகுதியோடு உறுதி செய்தது. இறந்தோர்க்காகச் செபிப்பது மக்கபேயர் நூலில் வருகிறது. எனவே எந்த நூல் உள்ளே, எது வெளியே என்னும் கேள்வி, இறந்துபோன தாய்க்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமா கூடாதா என்னும் கேள்வியாகச் சாமானியர் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

வேதவிளக்கத்தின் கூரிய அம்பு சமயத்தைக் காட்டிலும் தமிழைப் பற்றியது. தரங்கம்பாடியாரின் தமிழ் நடை இழிந்தது, பிழை மலிந்தது, இறைமொழிக்குப் பொருந்தாதது என்று தைரியநாதர் எள்ளினார். இலக்கணம் கற்பிக்கும் நான் இதில் அவருக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். சீகன்பால்குவின் நடை கடற்கரைப் பேச்சு நடை. வாக்கிய அமைப்பில் செர்மானியத்தின் முரடு தெரிகிறது. புலவர் செவிக்கு அது துன்பமே. ஆனால் இராசநாயக்கனுக்கு அது விளங்கிற்று. தேம்பாவணி அவர் கைக்குக் கிடைத்திருந்தால் துணையின்றி ஒரு பாட்டையேனும் கடந்திருப்பாரா என்பது ஐயமே. நல்ல தமிழ் யாருக்கு நல்ல தமிழ் என்று கேட்கவேண்டியிருக்கிறது. உழைக்கும் மக்களிடையே கவியரங்கம் நடத்தும் நமக்கு இக்கேள்வி பழையதன்று.

தரங்கம்பாடியாரைப் புகழ்ந்து நிறுத்திவிடவும் முடியாது. 1733இல் அவர்கள் முதல் தமிழ்க் குருவாக ஆரோனை அமர்த்தினர். ஏட்டைத் தானே படித்து வந்த இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். குருப்பட்டத்துக்கு அவர் பிறந்த குலம் தடையாயிற்று. ஏட்டை எல்லார் கையிலும் கொடுத்தவர்கள் பீடத்தை எல்லார்க்கும் கொடுக்கவில்லை. 1771இல் அவர் இறந்தார்.

இனிக் காப்பியத்துக்கு வருவோம். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு. அதன் தலைவர் வளன் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற சூசையப்பர். நான்கு நற்செய்திகளையும் துருவிப் பாருங்கள்: சூசை பேசியதாக ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. நீதிமான் என்கின்றன, கனவு கண்டார், எழுந்தார், தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார் என்கின்றன, பிறகு அவரைக் காணோம். ஏடு இப்படி மௌனமாக இருக்கும் இடத்தில்தான் தைரியநாதர் 3615 பாட்டுப் பாடினார். அதற்கான பொருளை எங்கிருந்து பெற்றார்? பழைய ஏற்பாட்டுக் கதைகளிலிருந்து, திருச்சபை மரபிலிருந்து, சிறப்பாக எசுப்பானிய நாட்டு ஆகிரெதா நகரில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மரியா என்னும் கன்னித்துறவி தம் காட்சிகளில் கண்டதாக எழுதிய நூலிலிருந்து. அந்த நூலை 1681இல் உரோமை விசாரணைச் சபையே தடைசெய்து, சில திங்களில் தடையை நிறுத்தியும் வைத்தது என்பது சுவையான செய்தி. திருச்சபையின் அதிகாரத்துக்காக வாதாடியவர், அந்த அதிகாரமே தயங்கிய ஒரு நூலின் மேல் தம் காப்பியத்தைக் கட்டினார்.

ஆகவே அவருடைய மறுப்பு நூல்களைவிடத் தேம்பாவணியே வலிய மறுப்பு என்பது என் கருத்து. ஏட்டில் இல்லாததும் உண்மையாக இருக்கலாம், வழிவழி வந்த அன்பும் சான்றாகும் என்பதை வேதவிளக்கம் வாதித்தது. தேம்பாவணி செய்து காட்டியது. எதிர்த்தரப்பார் இதற்கு விடையாக ஒரு காப்பியம் பாடவில்லை. அவர்கள் கொள்கைப்படி பாடவும் இயலாது; ஏட்டின் மௌனத்தை அவர்கள் மௌனமாகவே மதிக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த மதிப்பும் சிறியதன்று.

பரமார்த்த குருவின் கதையைப் பலரும் வெறும் நகைச்சுவை என்று விட்டுவிடுகிறோம். 1822இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்ட அந்நூலில், குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை விழுந்தபோது சீடர் எடுக்கவில்லை, சொல்லப்படாததால். விழுவதை எல்லாம் எடுங்கள் என்றதும் குதிரைச் சாணத்தையும் ஏந்தி நின்றனர். பின்பு எடுக்கவேண்டியவற்றை ஓலையில் பட்டியலாக எழுதிக் கொடுத்தார். கடைசியில் குருவே குழியில் விழ, ஓலையில் எழுதிய ஆடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை அங்கேயே விட்டார்கள். குழியில் கிடந்தபடியே அவர் தம்மையும் ஓலையில் எழுதிச் சேர்த்த பிறகுதான் தூக்கினார்கள். இது தரங்கம்பாடியாரைக் குறித்த அங்கதம் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியவரைக் குழியில் விடுவது பற்றிய கதையை அந்தப் பத்தாண்டுகளின் வாதங்களைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது, சிரிப்பு சற்றே தடுமாறுகிறது. அறிவிலியான ஒரு குருவையே நடுநாயகமாக வைத்தவரும் அவர்தாம் என்பதையும் மறக்கலாகாது.

இத்தனைக்கும் பிறகு 1738இல் ஒன்று நடந்தது. பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் அவ்வாண்டு அச்சேறியது. அச்சிட்டது தரங்கம்பாடி அச்சுக்கூடம். அவரோடு வாதிட்ட லூத்தர் சபையாரின் அதே அச்சுக்கூடந்தான். அவர்களுள் கிறித்தோப் தெயோதோசியு வால்தர் என்பவர், இலக்கணக் குறிப்புகள் சிலவற்றைத் தாமும் இலத்தீனில் எழுதி மறு ஆண்டு அதற்குத் துணையாக வெளியிட்டார். வேதத்தில் எவர் சொல் செல்லும் என்பதில் ஒருவருக்கொருவர் இணங்காதவர்கள், வினைமுற்றில் அவர் சொல்லைத் தலைமேற்கொண்டனர். தமிழின் எழுத்திலும் இதுவே நடந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் தந்தவர் அவர். புள்ளியின்றி ஓலையில் எழுதிய காலத்தில் படிப்பவர் ஊகத்தால் அறிந்ததை, இனி எழுத்தே சொல்லிற்று. குருவின் வாய்மொழி இல்லாமல் ஏடு தானே பேசுவதற்கு அவர் திருத்தம் உதவிற்று. இன்று எச்சபையாரின் விவிலியத்தைத் திறந்தாலும் அவருடைய ஏகாரமும் ஓகாரமும் அதில் இருக்கின்றன.

பின்வந்த மாற்றங்களை விரைந்து கடக்கலாம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைநூலின் கதவை எல்லா விசுவாசிகளுக்கும் அகலத் திறந்துவிட்டது. மரபும் ஏடும் ஒரே ஊற்றிலிருந்து வருவன என்று கூறியது. 1995இல் இரு சாராரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு தமிழில் வெளிவந்தது. தைரியநாதர் எள்ளிய காரியத்தை அவர் சபையாரும் சேர்ந்தே செய்து முடித்தனர்.

அவர் வாழ்வு நமக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்லவேண்டும். அதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த எல்லிசு துரை விரும்பியபடி, முத்துச்சாமிப் பிள்ளை 1816இல் தென்சீமைக்குச் சென்று முனிவரின் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். 1822இல் அவரே முனிவரின் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். ஊரார் வாய்மொழியாகச் சொன்னவற்றை அவர் அன்போடு வாங்கி எழுதிக்கொண்டார்: பல்லக்கும் பட்டாடையும், மூன்றே திங்களில் பாரசீகம் கற்றதும், திருச்சிராப்பள்ளியில் சந்தா சாகிபிடம் திவான் பதவி வகித்ததும் அதில் உள்ளன. ஆராய்ச்சியாளர் பலர் திவான் பதவியை ஏற்பதில்லை.

மறைவும் அப்படியே. 1742இல் மணப்பாட்டில் காலமானார் என்பது நெடுநாள் வழங்கிய செய்தி. பாடநூல்களும் அவ்வாறே எழுதின. நானும் அவ்வாறே படித்துத் தேறினேன். சேசு சபையின் ஆவணங்களோ 1747 பெப்ரவரி 4ஆம் நாள், சேரநாட்டு அம்பழக்காடு என்கின்றன. வாய்மொழி மரபுக்காக வாழ்நாளெல்லாம் வாதிட்டவர் விஷயத்தில் இந்த ஒன்றில் மட்டும் ஏட்டின் பக்கம் சேர்ந்துகொண்டு, வகுப்பில் ஆண்டையும் ஊரையும் திருத்தியே சொல்லி வருகிறேன்.